ஆற்றல் மாற்றம்

ஆற்றல் ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாறுவது ஆற்றல் மாற்றம் எனப்படும். விறகு எரியும்போது அதிலுள்ள வேதி ஆற்றல் வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுகிறது. மின்விசிறியில் மின்னாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. மரத்திலிருந்து விழும் தேங்காயின் நிலையாற்றல், அது தரையை நோக்கி வர வர இயக்க ஆற்றலாகிறது. இம்மாற்றங்களில் ஆற்றல் புதிதாகத் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை. அதன் மொத்த அளவு மாறாமல் இருக்கிறது. இதுவே ஆற்றல் அழிவின்மை விதி.

இவ்விதியைப் படிக்கும் மாணவர் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஆற்றலை அழிக்கவே முடியாது என்று பாடநூல் கூறுகிறது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று அதே பள்ளியின் சுவரில் எழுதியிருக்கிறது. அழியாத ஒன்றை ஏன் சேமிக்க வேண்டும்? இது நியாயமான கேள்வி. இதற்கான விடை ஆற்றலின் அளவில் இல்லை. அதன் பயன்பாட்டுத் தன்மையில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிச் சுற்றுப்புறத்தில் பரவிவிடுகிறது. அவ்வாறு பரவிய வெப்பம் அழிந்துவிடவில்லை. ஆனால் அதைத் திரட்டி மீண்டும் வேலை வாங்குவது மிகக் கடினம்.

வடிவங்களும் அலகும்

இயக்க ஆற்றல், நிலையாற்றல், வெப்ப ஆற்றல், வேதி ஆற்றல், மின்னாற்றல், ஒளி ஆற்றல், ஒலி ஆற்றல், அணுக்கரு ஆற்றல் என்று ஆற்றலைப் பல வடிவங்களாகப் பிரித்துக் கூறுவது வழக்கம். இவை எல்லாவற்றையும் ஒரே அலகால் அளக்கலாம். அறிவியலில் அந்த அலகு ஜூல். மின்கட்டண அட்டையில் காணப்படும் 'யூனிட்' என்பது 1 கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். 1 டன் எடையுள்ள பொருளை ஏறத்தாழ 367 மீட்டர் உயரத்திற்குத் தூக்கத் தேவையான ஆற்றல் இது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் 1 யூனிட் எவ்வளவு பெரிய வேலையைச் செய்யக்கூடியது என்பது இந்த ஒப்பீட்டால் விளங்கும்.

வெப்பமும் ஆற்றலே என்று அறிந்த வரலாறு

இன்று இயல்பாகத் தோன்றும் இக்கருத்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் நிலைபெற்றது. அதற்கு முன்பு வெப்பம் என்பது 'கலோரிக்' என்ற கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று பலர் கருதினர். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அப்பாய்மம் வழிந்தோடுகிறது என்பது அவர்களது விளக்கம்.

அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசின் பணியில் இருந்த ரம்ஃபோர்ட் என்பவர், மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும் பணியைக் கண்காணித்தபோது இதில் ஐயம் கொண்டார். துளையிடும்போது உலோகம் கடுமையாகச் சூடேறியது. அவர் ஒரு மழுங்கிய துளைக்கருவியை எடுத்து, குழாயை நீரில் மூழ்க வைத்து, குதிரைகளைக் கொண்டு சுழற்றச் செய்தார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது. நெருப்பில்லாமல் நீர் கொதிப்பதைக் கண்டு அங்கிருந்தோர் வியந்தனர். குதிரை சுற்றிக்கொண்டிருக்கும் வரை வெப்பமும் வந்துகொண்டே இருந்தது. ஒரு பொருளுக்குள் அடைபட்ட பாய்மம் என்றால் அது எப்போதாவது தீர்ந்துபோக வேண்டும் அல்லவா? 1798இல் வெளியான அவரது கட்டுரை இக்கேள்வியையே எழுப்பியது.

ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர் வேறொரு வழியில் இதே முடிவுக்கு வந்தார். 1840இல் டச்சுக் கப்பலொன்றில் மருத்துவராக ஜாவாத் தீவுக்குச் சென்ற அவர், மாலுமிகளின் சிரை இரத்தம் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்க உணவு குறைவாக எரிந்தால் போதும். அதனால் இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் குறைவாகவே செலவாகிறது என்று அவர் எண்ணினார். உணவு, உடல் வெப்பம், உடல் உழைப்பு ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் அடங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 1842இல் அவர் வெளியிட்ட கட்டுரையை அக்காலத்தில் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

கணக்கை எண்ணில் காட்டியவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தில் மதுவடிப்பாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். வெப்பநிலையை மிக நுட்பமாக அளக்கத் தெரிந்தவர். நீர் நிறைந்த பாத்திரத்தில் துடுப்புகளைப் பொருத்தி, கயிற்றில் கட்டிய எடைகள் கீழிறங்கும்போது அத்துடுப்புகள் சுழலுமாறு அமைத்தார். எடை இறங்கிய தொலைவையும் நீரின் வெப்பநிலை உயர்வையும் அளந்தார். உயர்வு மிகச் சிறியது; ஒரே சோதனையில் எடைகளைப் பல முறை ஏற்றி இறக்கித்தான் அதைக் காண முடிந்தது. 1850இல் அவர் வெளியிட்ட மதிப்பு, இன்றைய மதிப்பிலிருந்து 1 சதவீத அளவே வேறுபடுகிறது. 1 கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,186 ஜூல் தேவை.

இந்த எண்ணைக் கொண்டு ஓர் அருவியையும் கணக்கிடலாம். நயாகரா அருவியில் விழும் நீர், விழுந்த வேகத்தால் ஃபாரன்ஹீட் அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டிகிரி சூடேற வேண்டும் என்று ஜூலே கணித்தார். குற்றாலம் பேரருவியின் 60 மீட்டர் உயரத்திற்கு இது 0.14 டிகிரி செல்சியஸ். அருவியில் குளிப்பவருக்கு அது உறைக்காது. ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு வெப்பமாகச் சிதறும் ஆற்றல், நீரைக் குழாய்வழி சுழலிக்குக் கொண்டு சென்றால் ஊருக்கு விளக்கேற்றப் பயன்படும். அதே ஆற்றல்தான், எந்த வழியில் மாறுகிறது என்பதே வேறுபாடு.

நெய்வேலியிலிருந்து ஒரு யூனிட்

ஆற்றல் மாற்றத்தின் தொடர் ஒன்றை முழுமையாகக் காண நெய்வேலி நல்ல எடுத்துக்காட்டு. அங்கு கிடைக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தாவரங்களின் எச்சம். அத்தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின் மூலம் சூரிய ஒளியை வேதி ஆற்றலாக மாற்றி வைத்தவை. பொதுவாகத் தாவரங்கள் தம்மீது விழும் ஒளி ஆற்றலில் 1 அல்லது 2 சதவீதத்தையே இவ்வாறு சேமிக்கின்றன. எனவே சுரங்கத்திலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு கட்டியும் ஏற்கெனவே மிகக் குறைந்த விளைச்சலில் கிடைத்த சேமிப்பு என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். 1 கிலோவை எரித்தால் ஏறத்தாழ 2,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். யூனிட் கணக்கில் இது ஏறக்குறைய 2.9 யூனிட். கொதிகலனில் எரியும்போது அந்த நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகிறது. புகைபோக்கி வழியாக ஒரு பகுதி வெளியேறுகிறது. எஞ்சிய வெப்பம் குழாய்களில் உள்ள தூய நீரை உயர் அழுத்த நீராவியாக மாற்றுகிறது. நீராவி சுழலியின் இதழ்களைத் தள்ள, வெப்பம் இயக்க ஆற்றலாகிறது. சுழலியுடன் இணைந்த மின்னாக்கியில் காந்தப்புலம் சுழன்று கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை.

இறுதியில் கிடைப்பது, 1 கிலோவுக்கு ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்களின் வழியே காற்றில் கலக்கிறது. தொலைவிலிருந்து பார்ப்போர் அக்கோபுரங்களின் மேல் எழும் வெண்மேகத்தைப் புகை என்று எண்ணுவதுண்டு. அது புகையன்று, நீராவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். நாம் மின்சாரமாகப் பெறும் அளவைவிடக் கூடுதலான ஆற்றல் அங்கே வானுக்குப் போகிறது.

மின்சாரம் கம்பிகளில் செல்லும்போதும் கம்பி சூடேறுகிறது. இந்த இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். ஒரே அளவு திறனை 10 மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகி, இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறையும். மின்மாற்றிகளைக் கொண்டு 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என உயர்த்தி அனுப்புவதன் காரணம் இதுவே.

வெப்பம் ஏன் முழுதும் திரும்புவதில்லை

மூன்றில் இரண்டு பங்கு வீணாவதைப் பொறியாளர்களின் திறமைக் குறைவு என்று கருதக்கூடாது. இழப்பில் பெரும்பகுதி இயற்கையின் வரம்பு. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் இதனை விளக்கினார். வெப்பத்தைக் கொண்டு இயங்கும் எந்தப் பொறியும் சூடான இடத்திலிருந்து வெப்பத்தைப் பெற்று, அதில் ஒரு பகுதியைக் குளிர்ந்த இடத்தில் விட்டே தீர வேண்டும். இரண்டு இடங்களுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடே உச்ச வரம்பை முடிவு செய்கிறது. நீராவி 540 டிகிரி செல்சியஸிலும் குளிர்விக்கும் பகுதி 40 டிகிரியிலும் இருந்தால், எந்தக் குறையும் இல்லாத கற்பனைப் பொறிகூட 61 சதவீதத்திற்கு மேல் தர இயலாது. உராய்வு, கசிவு, புகைபோக்கி இழப்பு போன்றவை உண்மைப் பொறியை அதற்கும் கீழே இறக்குகின்றன.

இதற்குக் காரணம் வெப்பத்தின் தன்மை. சுழலும் அச்சில் எல்லா அணுக்களும் ஒழுங்காகச் சேர்ந்து நகர்கின்றன. சூடான பொருளிலோ மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் அதிர்கின்றன அல்லது ஓடுகின்றன. ஒழுங்கான இயக்கம் தாறுமாறாகச் சிதறுவது எளிது. தாறுமாறான இயக்கம் தானே ஒரு திசையில் ஒழுங்குபடுவது நடவாது. இந்தச் சிதறலின் அளவை என்ட்ரோபி என்பர். அளவு மாறாது என்பது வெப்ப இயக்கவியலின் முதல் விதி. என்ட்ரோபி தானாகக் குறையாது என்பது இரண்டாம் விதி. பள்ளி மாணவரின் கேள்விக்கு விடை இந்த இரண்டாம் விதியில் இருக்கிறது.

கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களுக்கும் இதே வரம்பு உண்டு. அணுக்கரு பிளப்பு எவ்வளவு புதுமையாகத் தோன்றினாலும், அதன் ஆற்றல் வெப்பமாகி, நீரைக் கொதிக்க வைத்து, நீராவிச் சுழலியைத்தான் சுற்றுகிறது.

நீர்மின்சாரமும் நீரேற்றுச் சேமிப்பும்

நீர்மின் நிலையத்தில் இந்த வெப்பப் படி இல்லை. உயரத்திலுள்ள நீரின் நிலையாற்றல் இயக்க ஆற்றலாகி நேரே சுழலியைச் சுற்றுகிறது. ஆகவே 85 முதல் 90 சதவீதம் வரை மின்சாரமாகக் கிடைக்கும். நீலகிரியில் 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்திட்டத்தில் நீர் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கியது. அத்தகைய உயரத்தில் 1 கன மீட்டர் நீர் 2 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தரும்.

இதே மாற்றத்தைத் திருப்பியும் செய்யலாம். கோயம்புத்தூர் மாவட்டத்தில் உள்ள காடம்பாறை நீர்மின் நிலையம் 400 மெகாவாட் திறன் கொண்ட நீரேற்று நிலையம். மின்தேவை குறைந்த நேரத்தில் மின்சாரத்தைக் கொண்டு கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேலே நீரேற்றுவார்கள். தேவை மிகுந்த நேரத்தில் அந்நீரையே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இத்தகைய நிலையங்களில் பொதுவாக 4 யூனிட் செலவிட்டால் 3 யூனிட் அளவே திரும்பக் கிடைக்கும். நட்டக் கணக்கு என்று தோன்றலாம். ஆனால் மாலை 7 மணிக்குத் தேவைப்படும் 3 யூனிட், யாருக்கும் வேண்டாத நேரத்து 4 யூனிட்டைவிடப் பயனுள்ளது. காற்றாலை, சூரிய மின்சாரம் பெருகப் பெருக இத்தகைய சேமிப்பின் தேவையும் பெருகுகிறது.

மலைப்பாதையில் இறங்கும் பேருந்து

பயணிகளுடன் 15 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 20 லட்சம் ஜூல். பிரேக் பிடித்து நிறுத்தினால் அவ்வளவும் உராய்வால் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைக் கொண்டு ஏறக்குறைய 7 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்.

சமவெளியில் இது பெரிய செய்தியன்று. மலைப்பாதையில் உயிர்ப் பிரச்சினை. உதகமண்டலத்திற்கும் மேட்டுப்பாளையத்திற்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். அதே பேருந்து அங்கிருந்து இறங்கும்போது 77 யூனிட்டுக்குச் சமமான நிலையாற்றலை இழக்க வேண்டும். வேகமாக மாற விடக்கூடாது. எனவே அது வெப்பமாகத்தான் மாற வேண்டும். முழுவதையும் பிரேக்கே தாங்கினால் அதன் உராய்வுப் பட்டைகள் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஓட்டுநர் காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. அதனால்தான் ஏறும்போது பயன்படுத்திய கியரிலேயே இறங்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கிறார்கள். தாழ்ந்த கியரில் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. ஆற்றலின் பெரும்பகுதி எஞ்சினிலும் ரேடியேட்டரிலும் வெப்பமாகப் பிரிந்து வெளியேறுகிறது. இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது இந்த வழியை அடைத்துவிடும் செயல், மிக ஆபத்தானது.

மின்சார வண்டிகளில் வேறொரு வழி உண்டு. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகச் செயல்பட்டு, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. சென்னை மெட்ரோ ரயில்களிலும் இம்முறை உள்ளது.

மனித உடல்

ஒரு நாளில் 2,000 கிலோகலோரி உணவு உண்பவரின் சராசரி ஆற்றல் செலவு ஏறத்தாழ 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. இதில் பெரும்பகுதி இறுதியில் உடல் வெப்பமாகவே வெளியேறுகிறது. 500 பேர் கூடிய திருமண மண்டபம் ஏன் புழுங்குகிறது என்பது இதனால் விளங்கும். அங்கே 50 கிலோவாட் வெப்பம் இடைவிடாமல் வெளியாகிக்கொண்டிருக்கிறது.

தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுகின்றன. 60 கிலோ எடையுள்ளவர் திருச்சி மலைக்கோட்டையில் 80 மீட்டர் ஏறினால், அவர் உடலின் நிலையாற்றல் 11 கிலோகலோரி அளவு கூடுகிறது. அதற்காக உடல் செலவிடுவது 45 கிலோகலோரி. சிறிய இட்டலி ஒன்றுக்குச் சமம். மீதி முக்கால் பங்குதான் உச்சியில் வியர்வையாக வெளிப்படுகிறது. மின்மினிப்பூச்சி இதற்கு நேர்மாறானது. அது வேதி ஆற்றலை ஏறக்குறைய வெப்பமே இல்லாமல் ஒளியாக மாற்றுகிறது.

வீட்டில்

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மோட்டார் சூடேறுகிறது, அசைந்த காற்றும் உராய்ந்து ஓய்ந்து வெப்பமாகிறது. ஆளில்லாத, மூடிய அறையில் 75 வாட் விசிறி ஓடினால் அறையில் 75 வாட் வெப்பம் சேர்கிறது, அவ்வளவே. காற்று பட்டு வியர்வை ஆவியாவதால் நமக்குக் குளிர்ச்சி தெரிகிறது. ஆளில்லாத அறையில் விசிறியை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

இழை பல்பு மின்னாற்றலில் 5 சதவீத அளவையே ஒளியாக மாற்றியது. 60 வாட் இழை பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்இடி விளக்கு தருகிறது. அடுப்பிலும் இதே வேறுபாடு காணலாம். மூன்று கல் வைத்து மூட்டிய விறகடுப்பில் 10 முதல் 15 சதவீத வெப்பமே பாத்திரத்தைச் சேர்கிறது. எரிவாயு அடுப்பில் இது 60 சதவீதத்திற்கு மேல். விறகு பொறுக்கி வரும் பெண்கள் சுமக்கும் 10 கட்டில் எட்டரைக் கட்டுக்கு மேல் காற்றைச் சூடாக்கவே போகிறது. புகை வேறு.

மின்சார வெந்நீர்க் கருவிகளை 100 சதவீதத் திறன் கொண்டவை என்று விளம்பரம் செய்வதுண்டு. வீட்டிற்குள் மட்டும் பார்த்தால் அது சரி. மின்சாரம் முழுதும் வெப்பமாகிறது. ஆனால் அந்த மின்சாரம் அனல்மின் நிலையத்தில் வெப்பத்திலிருந்து உண்டாக்கப்பட்டது. மூன்று பங்கு வெப்பத்தை எரித்து ஒரு பங்கு மின்சாரம் எடுத்து, அதை மறுபடி வெப்பமாக்குகிறோம். ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் நீரை 15 டிகிரி சூடாக்க 0.35 யூனிட் வேண்டும். அதற்கு நெய்வேலியில் ஏறத்தாழ 350 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். கூரையில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலன் இந்தச் சுற்றுவழி எதுவுமின்றி வெயிலை நேரே நீரில் சேர்க்கிறது. வெயில் மிகுந்த நம் ஊர்களில் அதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பரவிய வெப்பம் எங்கே செல்கிறது

கொதிகலன், பிரேக், உடல், விசிறி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிய வெப்பம் காற்றையும் நிலத்தையும் நீரையும் அடைந்து, இறுதியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குச் செல்கிறது. சூரியனிலிருந்து புவி பெறும் ஆற்றலும் ஏறக்குறைய முழுதும் இவ்வாறே திரும்புகிறது. அளவில் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம். தன்மையில் சமமில்லை. சூரிய ஒளியாக ஓர் ஒளித்துகள் வந்தால், அதற்கு ஈடாக ஏறத்தாழ 20 அகச்சிவப்புத் துகள்கள் வெளியேறுகின்றன. வருவது செறிந்த ஆற்றல், போவது சிதறிய ஆற்றல். இந்த இரண்டுக்கும் இடையில்தான் பயிர் விளைகிறது, மழை பொழிகிறது, நெய்வேலியின் நிலக்கரியும் உண்டானது. கரியமில வாயு மிகும்போது இந்த அகச்சிவப்புக் கதிர்கள் வெளியேறுவது தடைபடுவதால் புவி சூடேறுகிறது. மேகங்களும் அவ்வாறே தடுப்பவை. மேகமற்ற மார்கழி இரவில் தடையின்றி வெப்பத்தை வானுக்கு விடும் புல்லும் ஓலையும் காற்றைவிடக் குளிர்ந்துவிட, விடியற்காலையில் அவற்றின் மேல் பனித்துளி படிகிறது.